லாப்பா எடுத்துவந்த மாதா படம்

சலவைக்காரி லாப்பாவுக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. அதை அவள் குணத்தின் தலையில் கட்டுவதைவிடத் தொழிலின் தலையில் கட்டுவதுதான் நியாயம். ஃப்ளோரன்ஸில் ஆற்றுக்கு இந்தப் பக்கம், சான் ஃப்ரெதியானோ வாசலையொட்டிய தெருக்களில், பதினோரு வீட்டு அழுக்கு அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது. மனிதர்கள் வாயால் என்ன வேண்டுமானாலும் அளக்கலாம். கழற்றிப்போட்ட சட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தவக்காலத்தில் இறைச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கோயிலில் மார்பில் அடித்துக்கொண்ட பத்திர எழுத்தரின் சட்டைக் கைவிளிம்பில் பன்றிக் கொழுப்பு படிந்திருக்கும். புருஷன் போய் ஒரு வருஷமாகக் கறுப்பைத் தவிர வேறு உடுத்தாத விதவையின் தலையணை உறையில் நரைத்த தாடிமயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சாம்பல் நீரில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து, வெயிலில் காயவைத்து, ஒன்றும் அறியாதவள் மாதிரி மடித்துக் கொடுத்துவிட்டு வருவாள்.

இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கோரோ எப்படித்தான் குடித்தனம் நடத்தினானோ என்று கேட்டால், அவன் வருஷத்தில் எட்டு மாதம் வீட்டிலேயே இல்லை. கோவேறு கழுதைகளில் சரக்கேற்றிக்கொண்டு மலை தாண்டிப் போலோன்யாவுக்குப் போய்வருகிறவன். திரும்பி வந்ததும் அவன் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பது லாப்பாவின் முதல் வேலை. கழுதை நாற்றத்தைத் தவிர அதில் வேறொன்றும் இருந்ததில்லை. அதற்காக அவள் மோந்து பார்ப்பதை விட்டுவிடவும் இல்லை.

அவள் சந்தேகத்துக்கெல்லாம் அடியில் ஒரு பயம் இருந்தது. அதை மட்டும் யாரும் கேலி பேச முடியாது. முதல் இரண்டு குழந்தைகளும் ஒரு வயது திரும்புவதற்குள் போய்விட்டன. இரண்டாவது, பெண் குழந்தை, காலையில் சிரித்துக்கொண்டிருந்தது, சாயங்காலம் இல்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று லாப்பா முடிவுகட்டினாள். யார் என்று மட்டும் தெரியவில்லை. அதனால் எல்லாரையும் சந்தேகப்பட்டாள். மூன்றாவதாக நன்னி பிறந்தபோது கண் படாமலிருக்க அவன் கழுத்தில் ஒன்றுக்கு இரண்டாகப் பவளக் கிளை கட்டினாள். அதையும் விற்றவன் முன்னாலேயே பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

நன்னிக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஓவியர் பாச்சோ ஆற்றங்கரைக்கே வந்து நின்றார். கல்யாணப் பெட்டிகளுக்கும் கட்டில் பலகைகளுக்கும் வர்ணம் பூசிப் பிழைத்துவந்தவருக்கு அந்த வருஷம்தான் பெரிய வேலை கிடைத்திருந்தது. ஒரு பக்தசபையின் சிற்றாலயத்தில், பீடத்துக்கு மேலே உள்ள மாடத்துச் சுவரில் படம் வரைய வேண்டும். எகிப்துக்கு ஓடிப்போகும் வழியில் மாதா மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறுகிறாள்; மடியில் பாலன் தூங்குகிறான். அந்தத் தூங்குகிற பாலன்தான் பாச்சோவுக்குக் கிடைக்கவில்லை.

"எதுக்கு என் புள்ள? ஊர்ல வேற புள்ளைங்களே இல்லையா?" என்றாள் லாப்பா, துணி அடிப்பதை நிறுத்தாமலே.

"இருக்கு. பேனாவை எடுத்தா முழிச்சுக்குது," என்றார் பாச்சோ. கூடையில், அழுக்குத் துணிக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்த நன்னியைக் காட்டினார். "ஆறு பேர் கல்லுல அடிக்கிற சத்தத்துல தூங்குறான் பாரு. இவனை விட்டா எனக்கு வேற ஆள் இல்ல."

பிள்ளையைப் புகழ்ந்ததும் லாப்பா அவசரமாக அவன் முகத்தை முக்காட்டுத் துணியால் மூடினாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. தன் பிள்ளை பாலன் இயேசுவாகப் பீடத்துக்கு மேலே இருப்பான், ஊரே முழங்கால் போடும். போனாள். ஒரு காலைப் பொழுது முழுக்கப் பாச்சோவின் தோளுக்குப் பின்னால் நின்று, வாத்து இறகுப் பேனாவும் பழுப்பு மையும் என்ன செய்கின்றன என்று கண்கொட்டாமல் பார்த்தாள். நன்னி அப்படியே தாளில் இறங்கினான். மடிந்த முழங்கை, கன்னத்தின் கீழ் இன்னொரு கன்னம் மாதிரி தொங்கும் சதை, லேசாகத் திறந்த வாய். அடுத்த நொடியே ஒன்று கண்ணில் பட்டது.

"பவளம் எங்க?"

அதையெல்லாம் வர்ணம் பூசும்போது போட்டுக்கொள்ளலாம் என்றார் பாச்சோ. லாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது இன்னொன்று. படத்தில் மாதாவுக்கு வைத்திருந்த முகம் பாச்சோவின் மனைவி மத்தேயாவுடையது.

மத்தேயாவைப் பற்றி யாரும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. முப்பத்திரண்டு வயது, மெதுவான பேச்சு, கைவேலையில் சுத்தம். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. இது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் மாதாமாதம் அந்த நம்பிக்கை எந்த நாளில் கலைகிறது என்பது லாப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். மத்தேயாவின் தீட்டுத்துணி அவள் மூட்டையில் தனியாகச் சுற்றி வரும். ஒன்பது வருஷத்தில் ஒரு மாதம் தவறியதில்லை.

படம் வரைந்த மாதம் அது வரவில்லை.

லாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அப்போது மாட்டுக்குடலை வேகவைத்து விற்கும் சாந்த்ராவிடம் மட்டும் சொன்னாள். சாந்த்ராவின் வண்டி மத்தேயா வீட்டுக்கு நேர் எதிரில், கொதிக்கும் அண்டாவோடு நிற்கும். சாந்த்ராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மறுநாளே மத்தேயாவைப் பார்த்து, இன்றைக்கு ஒருத்தருக்குப் போடட்டுமா, இரண்டு பேருக்குப் போடட்டுமா என்று கேட்டுவிட்டு, அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாளாம். மத்தேயா முகம் வெளுத்து உள்ளே போய்விட்டாள் என்று சாந்த்ராவே வந்து சொன்னாள். வெளுப்பானேன் என்று லாப்பா அதையும் ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில், துவைத்த துணியோடு பாச்சோ வீட்டு முற்றத்தில் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலோரம் மத்தேயா உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளி மெத்தை, அதன்மேல் அந்தப் படம். கையில் ஊசி. நன்னியின் தலையைச் சுற்றி ஒவ்வொரு குத்தாகக் குத்திக்கொண்டிருந்தாள். குத்தும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரியாத, தனக்குத்தானே சிரிக்கும் சிரிப்பு.

"என்ன மோன்னா பண்றீங்க?" என்றாள் லாப்பா. வீட்டு எஜமானியை அந்த ஊரில் மோன்னா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவர் வேலைதான். சுவருக்கு வேணுமாம்," என்றாள் மத்தேயா, தலை நிமிராமல்.

சுவருக்கு எதற்கு ஊசி? அதை அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஓவியர் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரிந்த பதில் கிடைத்திருக்கும். ஆனால் சந்தேகம் முற்றிப்போனவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் பொய் சொல்வார்கள் என்று முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியும். லாப்பா துணியை வைத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் அந்த ஊசிதான். குத்துக்குக் குத்து, தையல் மாதிரி. நன்னியைத் தன் மடியோடு சேர்த்துத் தைக்கிறாள். வீடு வந்து சேர்வதற்குள் இது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்னிக்குக் காய்ச்சல் கண்டது.

திங்கட்கிழமை பால் குடிக்கவில்லை. வைத்தியமும் பார்க்கிற நாவிதர் வந்து பார்த்துவிட்டுப் பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்; அவருக்கு எல்லாமே பல் முளைக்கிற காய்ச்சல்தான். செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். அந்தப் பெண் குழந்தையும் கடைசியில் இப்படித்தான் பார்த்தது. பிள்ளை இங்கே தேய்கிறான், அங்கே மத்தேயா வயிற்றில் ஒன்று வளர்கிறது. வரைந்த மாதம் தொட்டுத் துணி வரவில்லை, பவளத்தைப் போடவில்லை, ஊசியால் குத்தியாயிற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நன்னியின் உயிரை நூல் நூலாக உருவித் தன் வயிற்றுக்குள் சுற்றிக்கொள்கிறாள்!

பிள்ளையைச் சாந்த்ராவிடம் விட்டுவிட்டு, மடித்த துணிகளோடு பாச்சோ வீட்டுக்குப் போனாள். அவர் சிற்றாலயத்தில் கொத்தனாரோடு இருந்தார். மறுநாள் காலையில் ஈரச் சாந்து பூசி வேலை தொடங்குவதாக ஏற்பாடு. மத்தேயா மாடியில் படுத்திருந்தாள். படம் மேஜைமேல், நாலு மூலையிலும் கல் வைத்துக் கிடந்தது. லாப்பா கல்லை எடுத்தாள், படத்தைச் சுருட்டினாள், கூடையில் அழுக்குத் துணிக்கு அடியில் வைத்தாள். தெருவில் அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சலவைக்காரியின் கூடையை யார் கிளறப்போகிறார்கள்?

எடுத்துவந்து எரித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது. முகம் மத்தேயாவுடையதாக இருந்தாலும் அது மாதா படம். மாதாவை நெருப்பில் போட்டால் தன் கதி என்னாவது? அதைவிட, ஊசி குத்தினதற்கே பிள்ளை இப்படிக் கொதிக்கிறான் என்றால், நெருப்பில் போட்டால்?

ஆகவே வேறு வழி தேடினாள். குத்தினதை அடைத்துவிட வேண்டும். மெழுகுதிரித் திருநாளில் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த திரி ஒன்று வைத்திருந்தாள். அதிலிருந்து மெழுகைக் கிள்ளி, விரலில் உருட்டி, நன்னியின் பாதத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு துளையாக அடைத்தாள். ஒரு துளைக்கு ஒரு அருள்நிறை மந்திரம். கால் விரலுக்கு மட்டும் இருபத்தெட்டு. புதன்கிழமை முழுவதும் அடைத்தாள். இடையிடையே ஈரத்துணியால் பிள்ளையின் உடம்பைத் துடைத்தாள். அன்றைக்கு அவள் ஆற்றுக்குப் போகவில்லை. பதினோரு வீட்டு அழுக்கும் மூட்டையில் கிடந்து நாறியது.

வியாழக்கிழமை காலையில், நன்னியின் நெற்றியில் விழும் முடியில் இருந்த கடைசித் துளையும் அடைபட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. மாறாக மூச்சு வேகமாக வாங்கியது. லாப்பா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிள்ளையின் உருவத்தில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. ஆனால் அவனைத் தாங்கும் மடியில், சால்வை விளிம்பில், அந்த முகத்தைச் சுற்றி, எல்லாத் துளைகளும் மினுமினுத்தன. அதே மத்தேயா, அதே அமைதி. என் பிள்ளையை விடமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. சாக்குத் தைக்கிற கோணி ஊசி சுவரில் செருகியிருந்தது. அதை எடுத்தாள். மத்தியான மணி அடித்துக்கொண்டிருந்தது. மாதாவே, உன்னை இல்லை, அவளை, என்று சொல்லிக்கொண்டே படத்தில் இருந்தவளின் வயிற்றில் ஒரே குத்தாகக் குத்தி எடுத்தாள்.

அன்று சாயங்காலம் நன்னி வியர்த்துக் கொட்டினான். இரவு கவிவதற்குள் முலையைத் தேடிப் பிடித்தான். லாப்பா ஏங்கி ஏங்கி அழுதாள். அந்த அழுகையில் சந்தோஷம்தான் இருந்தது. தான் நினைத்தது சரி என்கிற கொடூரமான நிம்மதியும் இருந்தது.

பாச்சோ வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சாந்த்ரா வந்து வந்து சொன்னாள். படம் காணாமல் போனதில் அந்த மனிதர் பேய் பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு ஓவியன்தான் ஆளை வைத்துத் திருடிவிட்டான் என்று அவன் வீட்டு வாசலில் போய்க் கத்தினார். பூசின ஈரச் சாந்தைச் சுரண்டி எறிய வேண்டியதாயிற்று. கொத்தனாரைச் சந்தேகப்பட்டார், எதிர்வீட்டில் படச்சட்டம் செய்பவனைச் சந்தேகப்பட்டார், மச்சினனைக்கூடச் சந்தேகப்பட்டார். லாப்பாவை ஒருத்தரும் நினைக்கவில்லை. மத்தேயா உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறாள் என்றும் சாந்த்ரா சொன்னாள். அன்றிலிருந்து லாப்பாவுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலைப் பொழுதில், மத்தேயாவே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். உட்காரச் சொல்வதற்கு முன் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. லாப்பா நன்னியை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

"எனக்குக் கலைஞ்சுபோச்சு லாப்பா," என்றாள் மத்தேயா. "ஒன்பது வருஷம் கழிச்சு வந்தது. அவர்கிட்டகூட நான் வாய் தெறக்கல, மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தேன். உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். ஆனா நீ வீட்டு விஷயத்தை வெளிய சொல்றவ இல்ல."

லாப்பா பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மத்தேயா வந்தது வேறு விஷயத்துக்கு. சாந்த்ராதான் கண் வைத்தாள் என்று அவள் முடிவுசெய்திருந்தாள். நடுத்தெருவில் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாளே, யாருக்கும் சொல்லாத விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது? பேயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவளாகத்தான் இருக்க வேண்டும். நாளைக் காலையில் மடத்துச் சாமியாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள். எல்லா வீட்டுக்கும் போய்வருகிற லாப்பாவும் கூட வந்து, சாந்த்ரா அப்படிப்பட்டவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒரு வார்த்தை. போன வருஷம் இப்படித்தான் யாரோ ஒரு வார்த்தை சொன்னதில், மூலிகை விற்கிற ஒருத்தியைக் கழுதைமேல் பின்பக்கமாக உட்காரவைத்துச் சாட்டையால் அடித்துக்கொண்டே நகர வாசலுக்கு வெளியே துரத்தினார்கள். கூட்டத்தில் நின்று லாப்பாவும் பார்த்தாள். சாந்த்ராவுக்கு அந்த விஷயத்தைச் சொன்னது பேய் இல்லை, தான்தான் என்பது லாப்பாவுக்குத் தெரியும். சும்மா இருந்துவிட்டால் போதும், தன் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அந்த நேரம் நன்னி இடுப்பிலிருந்து நழுவி இறங்கித் தவழ்ந்து போய், மத்தேயாவின் பாவாடையைப் பிடித்து எழுந்து நின்றான். மத்தேயா அவன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"மூணு நாள் இவன் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள். "அந்தத் துளை வழியாக் கரித்தூள் தட்டினாத்தான் சுவத்துல கோடு விழும், அதுக்குத்தான் குத்துறது. அவரு வேகமாக் குத்திடுவாரு. நான்தான் குடுங்கன்னு வாங்கிக்கிட்டேன். வயித்துல இருக்கிறப்ப எந்த முகத்தைப் பாக்குறமோ அதே மாதிரி பொறக்கும்பாங்கல்ல? இவனை மாதிரி ஒண்ணு பொறக்கட்டும்னு, இந்தக் கன்னத்துக்கிட்ட வந்தா வேணும்னே மெதுவாக் குத்துவேன்."

லாப்பாவுக்கு அந்த ஜன்னலோரமும் ஊசியும் கண்முன் வந்தன. அந்தச் சிரிப்பு இதுதானா? மூன்று மாதமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த சாட்சியெல்லாம் ஒரு நொடியில் தலைகீழாகத் திரும்பி அவளையே பார்த்தன. வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது. வாயை மூடிக்கொள், பிள்ளையை நினை, என்று ஒரு மனம் சொன்னது. அவள் உள்ளே போய் வைக்கோல் மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு வந்து மத்தேயாவின் கையில் வைத்தாள்.

"சாந்த்ரா இல்ல, மோன்னா."

மத்தேயா படத்தைப் பிரித்தாள். புரியாமல் மெழுகின்மேல் விரலை ஓட்டினாள். பாதம், முழங்கால், கன்னம், நெற்றி முடி. பிறகு ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கோடும் இல்லாத இடத்தில், சால்வைக்கு நடுவே, பெரிய துளை ஒன்று தெரிந்தது.

"இது நான் குத்தினதில்ல," என்றாள்.

"இல்ல. நான் குத்தினது." லாப்பா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலை, துணி வராததை, சாந்த்ராவிடம் தான் சொன்னதை, மெழுகை, கோணி ஊசியை. "வியாழக்கிழமை மத்தியான மணிக்குக் குத்தினேன். உங்க வயித்துல இருந்ததை நான்தான் கொன்னேன். சாமியார்கிட்ட என் பேரைச் சொல்லுங்க."

மத்தேயா அந்தப் பெரிய துளையை விரலால் தடவினாள். நன்னி அவள் பாவாடையை இழுத்துக்கொண்டிருந்தான். கடைசியில், அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்.

"உன் ஊசி ஒண்ணும் பண்ணல லாப்பா. வியாழக்கிழமை இல்ல, எனக்குப் புதன்கிழமையே போயிடுச்சு. படத்தைக் காணோம்னு அவரு கத்துன கத்துல, பரண்ல இருந்த பெட்டியெல்லாம் ஒண்ணொண்ணா நானே எறக்கிப் போட்டுத் தேடினேன், அப்பதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அன்றைக்குத் தேடித் தேடிக் கிடைக்காமல் இப்போது கையில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து லாப்பாவைப் பார்த்தாள்.